1889-ஆம் ஆண்டு மனுவை அச்சிட வேண்டாம்

தூத்துக்குடி

‘நிறமும் ஆட்சியும்’ ஆய்விதழின் ஆசிரியர் ஐயாவுக்கு, பன்னிரண்டாம் வகுப்பு கிளைட்டன் தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கு என்னைத் தவிர எல்லோரும் நலம். தங்கள் நலம் இக்கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையாவது நீடிக்க வேண்டுகிறேன்.

இனவெறி, ஏகாதிபத்தியம் பற்றிய தங்கள் அடுத்த இதழில் முத்துக்குளிப்பு குறித்து எழுதியிருக்கும் ஜேசுபாதம் என் தாய்மாமா. கல்லூரியில் பதினோரு வருடமாகத் தற்காலிக ஆசிரியர். அவருடைய கட்டுரைக்கு உயிரே, 1889-இல் முத்துக்குளிக்கும் குளியாள் ஒருவர் கலெக்டருக்கு எழுதிய மனுதான். அதை எழுதியது நான். சென்ற மே மாதம்.

மாமா வீட்டுக்கு வரும்போதெல்லாம் “ஒரே ஒரு ஆதாரம் கெடச்சா போதும்லே” என்று புலம்புவார். ஆதாரம் தேடியவருக்குச் சேதாரமாக நான் வாய்த்தேன். பழைய ஜெபப் புத்தகத்தின் வெற்றுத்தாளைக் கிழித்து, மனு எழுதி, கடுங்காப்பியில் நனைத்து, மாடியில் அம்மா காயப்போட்ட சாளைக் கருவாட்டுக்கு நடுவே உலர்த்தி, பரண் பெட்டிக்குள் வைத்தேன். மறுநாள் சொல்லிச் சிரிப்பதாகத் திட்டம். மாமா எடுத்தார், முகர்ந்தார், “ஏலே, நூத்தி முப்பது வருசத்துக் கடல் வாசம்லே!” என்று அழுதேவிட்டார். அழுகிற மனுஷனிடம் அது கருவாடு என்று எப்படிச் சொல்ல? சரி, அவரே கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தேன். ஏனென்றால் மனுவில் குளியாளை ஞாயிற்றுக்கிழமை கடலில் இறக்கியிருந்தேன். பூசையை விட்டுவிட்டு எங்கள் ஆட்கள் ஞாயிறு கடலுக்குப் போகமாட்டார்கள் என்பது எங்கள் தெருவில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். மாமாவும் கவனித்தார். “பாத்தியாலே, பூசை நாள்லயும் எறக்கிருக்கான் வெள்ளக்காரப் பாவி!” என்று அதற்கே நாலு பக்கம் எழுதிவிட்டார். அந்த நாலு பக்கத்தைத்தான் தாங்கள் பாராட்டிக் கடிதம் எழுதியிருந்தீர்கள். அக்கடிதத்தை லேமினேட் செய்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். அடுத்த மாதம் நிரந்தர வேலைக்கு நேர்காணல். அச்சான பிறகு எவனாவது அந்தத் தாளை மோந்து பார்த்தால் வேலையும் போகும், பேரும் போகும். ஆகவே, பக்கம் போதவில்லை என்று பொய் சொல்லிக் கட்டுரையைத் திருப்பிவிடவும். பொய் வரவில்லையென்றால் வாசகம் நானே எழுதித் தருகிறேன், அனுபவம் உண்டு.

தங்களுக்கும் தங்கள் இதழுக்கும் பனிமய மாதா குறைவைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
கிளைட்டன்

பி.கு.: தபாலில் சேர்க்குமுன் மாமா இதைப் படித்துவிட்டார். அடிக்கவில்லை, அடித்திருந்தால் தேவலை. “ஏலே, பேர் சொல்லாம நம்பர் சொல்லிக் கூப்பிடுதான், தண்ணி குடிக்கத் தனிக் குவளைன்னுலாம் மனுவுல எழுதிருக்கியே, எந்தப் பொஸ்தகத்துல எடுத்த?” என்றார். புத்தகம் ஏது? வெளிநாட்டுத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்க்கும் அப்பா வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியவை. அம்மாவிடம் சொல்லாதே என்று எனக்கு மட்டும். மாமா அந்தக் குரல்பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார். அப்புறம் அப்பாவுக்கே போன் போட்டார். “தாராளமா எழுது மச்சான். எம் பேர மட்டும் போட்ராத. கான்ட்ராக்ட் முடிய இன்னும் ஏழு மாசம் கெடக்கு” என்றார் அப்பா.

எனவே மேலே எழுதியது அனைத்தும் ரத்து. மாமா நாலு பக்கத்தையும் அடித்துவிட்டு, அப்பா சொன்னதை வைத்து முதலிலிருந்து எழுதுகிறார். தயவுசெய்து அச்சிடவும். மனுவின் ஆண்டு 1889 அல்ல, இந்த ஆண்டு. அதன் அடியில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விடவும்.