அத்தையின் ஆறு கம்பிகள்

"கம்பி அறுந்துடுச்சு," என்று மாமியார் கிதாரைக் கொண்டுவந்து சோபாவில் கிடத்தினார். "இன்னிக்கு வாசிக்க முடியாது. விட்டுத் தள்ளுங்க."

விட்டுத் தள்ள மாப்பிள்ளைக்கு மனம் வரவில்லை. அவன் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடத்தின் இரும்புக் கயிற்றையே கழற்றி மாட்டியவனுக்கு இந்தப் பொடிக் கம்பி எம்மாத்திரம்?

அன்று மாலை மாமியாருக்குப் பணி ஓய்வு விழா. ஆஸ்பத்திரி லேபில் வேலை. கிதார் கற்றுக்கொள்வதாக லேப் முழுக்க அவர் பெருமையடித்துவைத்திருந்ததால், விழாவில் வாசிப்பார் என்று அழைப்பிதழிலேயே போட்டுவிட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து மாமியாரிடம் நல்ல பேர் வாங்கத் தவித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்கு வாய்ப்பு தானாகவே வந்து மடியில் விழுந்திருந்தது.

"கவலைப்படாதீங்க அத்தை. நான் மாத்தித் தர்றேன்."

மாமியாரின் முகம் வெளிறியது. "உங்களுக்கு எதுக்கு சிரமம்? லீவு நாள்ல படுத்துத் தூங்குங்க."

"மாப்ள, அது வந்து..." என்று மாமனார் செய்தித்தாளைத் தாழ்த்தினார். மாமியார் ஒரு பார்வை பார்த்தார். செய்தித்தாள் மறுபடி மேலே போய்விட்டது.

தன்மேல் அத்தைக்கு இவ்வளவு கரிசனமா என்று நெகிழ்ந்தபடி மாப்பிள்ளை பைக்கை எடுத்தான்.

இசைக் கருவிக் கடைக்காரர் அறுந்த துண்டை விரலில் சுற்றிப் பார்த்தார். "இது ஒண்ணை மட்டும் மாத்தினா தனியா கத்தும். மத்ததெல்லாம் வேர்வை பட்டு மங்கியிருக்கும். ஆறையும் மாத்துங்க. வாசிச்சு முடிச்சதும் துணியால துடைக்கச் சொல்லுங்க."

பளபளவென்று வெண்கலக் கம்பிகள். மாட்டி, போனில் இருந்த ஆப்பைப் பார்த்துச் சுருதி சேர்த்து, மாப்பிள்ளை ஒரு வருடு வருடினான். வீடே கணகணவென்றது. சமையலறையில் டம்ளர் விழும் சத்தம் கேட்டது.

மாமியார் வாசலில் வந்து திகைத்து நின்றார். "சரியாயிடுச்சா?"

"எப்படி அத்தை?"

"இது... காது கூசுது மாப்ள. இப்படிக் கணீர்னு இருந்தா எனக்கு ஒத்துவராது. போனாப் போகுது, விடுங்க."

சரிதான், அத்தைக்கு நாதம் முக்கியம் என்று மாப்பிள்ளைக்கு மரியாதை கூடிப்போயிற்று. திரும்பவும் கடைக்கு ஓடினான்.

"கனமான குரல் வேணுமா? அப்போ பாஸ்பர் வெண்கலம், தடிச்ச கம்பி," என்றார் கடைக்காரர். "ஆனா இழுவை அதிகம். உங்க கிதார் தாங்குதான்னு பார்த்து மெதுவா முறுக்குங்க."

"லிஃப்டே தாங்குதுங்க," என்றான் மாப்பிள்ளை.

இந்த முறை நாதம் குழைந்து வந்தது. மாமியார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பிறகு திடீரென்று முகம் தெளிந்தது.

"புதுக் கம்பி இளகிக்கிட்டே இருக்கும். சுருதி நிக்காதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. சாயங்காலத்துக்குள்ள பழகாது."

"அதை இழுத்துவிட்டா போச்சு."

ஒவ்வொரு கம்பியாக இழுத்தான், முறுக்கினான். மறுபடி இழுத்தான், இன்னும் முறுக்கினான். மடேரென்று ஒரு சத்தம். கம்பிகளைப் பிடித்திருந்த கட்டை கிதாரின் வயிற்றோடு பிய்ந்து, எகிறிப்போய்ச் சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியைப் பெயர்த்தது.

மாப்பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மாமியார் ஓடிவந்தார். ஓட்டை விழுந்த கிதாரைப் பார்த்தார். அவர் கண்கள் கலங்கின.

"போகட்டும் மாப்ள," என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். "நீங்க என் பிள்ளை மாதிரி. ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க."

பிள்ளை மாதிரி. இந்த வார்த்தையைக் கேட்கவா இத்தனை பாடு? கிதாரை உடைத்த பிறகு கிடைத்ததுதான் அவனைக் குடைந்தது. இப்பேர்ப்பட்ட மனுஷியை மேடையேற்றாமல் விட்டால் தான் மனிதனே இல்லை என்று முடிவு கட்டினான். நேரே கடைக்குப் போனான். கடைக்காரர் யாரையும் தொடவிடாத அவருடைய சொந்தக் கிதாரைக் கெஞ்சிக் கூத்தாடிக் கேட்டான்.

"நானும் கூடவே வருவேன்," என்ற நிபந்தனையோடு அவர் இறங்கி வந்தார்.

விழா மண்டபத்தில் மாமியார் பெண்கள் நடுவே சிரித்துக்கொண்டிருந்தார். கையில் கேக் தட்டு. "என்ன பண்றது, கிதார் உடைஞ்சுபோச்சு," என்று சொல்லிக்கொண்டே இன்னொரு துண்டை எடுத்துவைத்தார்.

"அத்தை," என்று மாப்பிள்ளை மூச்சிரைக்க உள்ளே நுழைந்தான். "கிதார் வந்துடுச்சு."

கேக் தட்டு கீழே போயிற்று. கடைக்காரர் ஒருமுறை மீட்டிக் காட்டினார். தேன் ஒழுகுவதுபோல் நாதம் மண்டபம் முழுக்கப் பரவியது.

"நல்லா வாசிச்சுப் பழகின கம்பி. சுருதி அசையாது," என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டு நர்சுகள் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து மாமியாரை மேடைக்கு அழைத்துப் போனார்கள். படியில் அவர் நின்று மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். கண்ணில் நீர் தளும்பியது. உதடு துடித்தது.

"நன்றியைச் சொல்ல வார்த்தை வரல பாருங்க மாமா," என்றான் மாப்பிள்ளை.

மாமனார் அவன் காதருகே குனிந்தார்.

"மேடைன்னாலே அவளுக்குக் கைகால் உதறும் மாப்ள. காலையில உங்க டூல்ஸ் பையிலருந்து கட்டரை எடுத்து அந்தக் கம்பிய நறுக்கினதே அவதான்."