மீட்டர் மகாராஜாவின் கவசம்

"எத்தனை இஞ்சு கனத்துல வெட்டட்டும்?" என்று மெத்தைக்கடை ஹமீது சுல்தான் கேட்டார்.

ராமசுப்பிரமணியன் சுற்றுமுற்றும் பார்த்தார். எடை அளவு இன்ஸ்பெக்டர் ஒருவர், மண்டபம் கடைத்தெருவில், நாலு பேர் பார்க்க நின்றுகொண்டு இஞ்சில் பதில் சொல்ல முடியாது. புதிய அளவுகள் வந்துவிட்டன, பழையவை செல்லாது என்று சொல்லி, போன மாதம்தான் இதே தெருவில் கஜக்கோல், படி, இஞ்சு டேப் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு போயிருந்தார்.

"பன்னிரண்டு மில்லிமீட்டர்" என்றார்.

சுல்தான் கையிலிருந்த ரப்பர் பஞ்சைப் பார்த்தார். பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "அது எம்புட்டு சார்?"

"ஒரு மீட்டரை ஆயிரம் பங்காப் போட்டு, அதுல பன்னிரண்டு பங்கு."

"ஆயிரம் பங்கு போட நான் எங்கன போவேன்? டேப்பு இருந்தா பார்த்து வெட்டிருவேன். அதைத்தான் சாக்குல போட்டுக் கொண்டுபோயிட்டீகளே."

"புது டேப் வாங்கச் சொன்னேன்ல, பாய்."

"கேட்டாச்சு சார். மதுரையில இருந்து வரணுமாம். வரட்டும், தச்சுத் தாரேன்."

டேப் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. இன்னும் பத்தே நாளில் மதுரையிலிருந்து மேலதிகாரி வருகிறார். அவர் முன்னால், மக்களுக்குப் புதிய அளவுகளை விளக்கும் நாடகம் நடக்கவேண்டும். எழுதியவர் ராமசுப்பிரமணியன். அங்குலாசுரன் என்னும் அரக்கன் நாட்டைப் பிடித்துக் குழப்புகிறான். மீட்டர் மகாராஜா வந்து அவனை வெட்டிச் சாய்க்கிறார். மகாராஜா வேஷத்துக்கு ஊரில் யாரும் முன்வராததால் அதையும் இன்ஸ்பெக்டரே ஏற்றுக்கொண்டார். அரக்கன், ஆபீஸ் பியூன் சோணைமுத்து. உப்புக் காற்றில் தகரம் துருப்பிடிக்கும், அட்டை ஊறிவிடும், ரப்பர் பஞ்சில் வெள்ளிப் பெயிண்ட் அடித்தால் அசல் இரும்புக் கவசம் என்று யோசனை சொன்னவனும் அவன்தான்.

ராமசுப்பிரமணியனுக்குக் கலை ஆர்வம் கிடையாது. பழனியில் அவர் மனைவி சேதுலட்சுமிக்கு ஏழு மாதம். ரயிலேறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழனிக்கு மாறுதல் கேட்டு மூன்று மனு போட்டும் பதில் இல்லை. 'பிள்ளை பிறக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்கவேண்டும்' என்று அவள் எழுதிய கடிதம் சட்டைப்பையில் கிடந்து ஓரம் நைந்துவிட்டது. மேலதிகாரியின் மனம் குளிர்ந்தால் மாறுதல் கிடைக்கும். குளிர வைக்க அவரிடம் இருந்தது நாடகம் ஒன்றுதான்.

"சரி, விரல்ல காட்டுங்க" என்றார் சுல்தான்.

இன்ஸ்பெக்டர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கொஞ்சம் இடம்விட்டுக் காட்டினார். சுல்தான் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"விரல் கணக்கு சட்டப்படி செல்லுமா சார்?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரின் விரல்கள் கூச்சத்தில் தாமாகவே நெருங்கின. நெருங்கிய அளவைத்தான் சுல்தான் மனதில் வைத்துக்கொண்டார்.

வந்து சேர்ந்த கவசம் தோசையைவிடச் சற்றுத் தடிமன். கடற்கரையில் ஒத்திகை. மகாராஜா கையை உயர்த்தி, "அடே அங்குலா" என்று தொடங்கியதும் வாடைக் காற்று கவசத்தை அடியிலிருந்து தூக்கி முகத்தில் சாத்தியது.

"சார், என்னையப் பார்த்துப் பேசுங்க" என்றான் சோணைமுத்து.

"எப்படிப்பா பார்க்கறது?" என்று கவசத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் கடைக்குப் போய், "இதைப்போல ரெட்டிப்பு" என்றார். ரெட்டிப்பு என்பது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. சுல்தான் ரெட்டிப்பாகத் தைத்தார். கடல் காற்றை நினைத்துக் கொஞ்சம் கூடவே வைத்தார். இப்போது காற்று தோற்றது. ஆனால் மகாராஜாவின் கைகள் கீழே இறங்கவில்லை. இரண்டு பக்கமும் விறைத்துக்கொண்டு நின்றன.

"கரையேறின நண்டு கணக்கா இருக்கீக சார்" என்றான் சோணைமுத்து, மரியாதையாக.

அக்குளில் வெட்டினார்கள். கைகள் இறங்கின, நெஞ்சுப் பகுதி கழன்றது. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாங்கி ஒட்டினார்கள். நெஞ்சு ஒட்டிக்கொண்டது, உள்ளே இருந்த சட்டையும் ஒட்டிக்கொண்டது. அந்தச் சட்டையைக் கத்திரியால் வெட்டி அவரை வெளியே எடுக்கவேண்டியிருந்தது. நல்லவேளை, கடிதம் வேறு சட்டையில் இருந்தது.

அதோடு முடிந்திருக்கும். நாடகத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, வெட்டி எறிந்த துண்டுகளையெல்லாம் அடுக்கித் தைத்து அரக்கனுக்கு ஒரு கவசம் அனுப்பினார் சுல்தான். சோணைமுத்து அதைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றான். தபால்காரர் சைக்கிளிலிருந்து இறங்கி வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

இன்ஸ்பெக்டர் அதையும் தன் கவசத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பக்கத்தில் நின்றால், அங்குலம்தான் ராஜா, மீட்டர் அதற்குப் பந்தம் பிடிப்பவன். இதை மேலதிகாரி பார்த்தால் பழனி இல்லை. தனுஷ்கோடிக்கு அப்பால் ஏதாவது மணல்திட்டு இருந்தால் அதுதான்.

கடைக்கு ஓடினார்.

"அரக்கனுக்கு ஏன் பாய் இம்புட்டுக் கனம்?"

"அடி வாங்கப் போறது அவன்தான சார். பிள்ளைகுட்டிக்காரன், பாவம்."

"எனக்கு அதைவிடக் கனமா வேணும்."

"எம்புட்டு?"

"ஐம்பது மில்லிமீட்டர்."

சுல்தான் ஊசியில் நூல் கோத்தார். முடிச்சுப் போட்டார். நிமிர்ந்து பார்க்கவேயில்லை. இன்ஸ்பெக்டர் தெருவை இருபுறமும் பார்த்துவிட்டுக் குனிந்து, "ரெண்டு இஞ்சு" என்றார்.

"காது கொஞ்சம் மந்தம் சார். சத்தமாச் சொல்லுங்க."

"ரெண்டு இஞ்சு, பாய்."

"அப்படிச் சொல்லுங்க. அன்னைக்கே சொல்லியிருந்தா, பக்ரீத்துக்குத் தைக்கவேண்டிய மெத்தையெல்லாம் இந்நேரம் முடிச்சிருப்பேன்."

நாடகத்தன்று மாலை ஐந்து மணிக்கெல்லாம் பள்ளிக்கூடத் திடல் நிறைந்துவிட்டது. முன்வரிசை நாற்காலியில் மேலதிகாரி சிரிப்பில்லாத முகத்தோடு, மடியில் தோல்பையோடு உட்கார்ந்திருந்தார். கவசம் மேடை வாசலுக்குள் நேராக நுழையாததால், மகாராஜா பக்கவாட்டில் திரும்பி மேடைக்கு வந்தார். சிம்மாசனத்தில் உட்கார முயன்று, முடியாமல், அதன்மேல் சாய்ந்து நின்றார்.

"அடே அங்குலா, உன் ஆட்சி முடிந்தது" என்று முழங்கி, மீட்டர் கோலை ஓங்கி அரக்கனின் நெஞ்சில் இறக்கினார். ரப்பர் பஞ்சு அதை வாங்கி, வந்த வேகத்திலேயே திருப்பிக் கொடுத்தது. கோல் மகாராஜாவின் நெற்றியில் பட்டது. அவர் மல்லாக்க விழுந்தார். ஒருமுறை எழும்பி மறுபடி விழுந்தார். அதன்பின் புரட்டிப்போட்ட ஆமை மாதிரி கையும் காலும் மட்டும் அசைந்தன.

திடல் சிரிப்பில் அதிர்ந்தது. அரக்கன் திகைத்து நின்றான். பிறகு பதினோரு வருஷப் பியூன் வேலை அவனை உந்த, ஓடிப்போய்க் கை கொடுத்தான்.

"எந்திரிங்க சார்."

"ஏலே, செத்துப் போ" என்று மகாராஜா பல்லைக் கடித்தார்.

"நீங்க குத்தணும்ல சார்."

"நீயாச் சாவு."

சோணைமுத்து மக்கள் பக்கம் திரும்பினான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். "நூறு சென்டிமீட்டர் ஒரு மீட்டராம்ல. கேட்டதுல இருந்து எனக்கு நெஞ்சு வலிக்குதுய்யா" என்று சொல்லி, மகாராஜாவின் மேலேயே சாய்ந்தான். இருவரும் சேர்ந்து ஒருமுறை எழும்பினார்கள்.

படுத்த வாக்கில் ராமசுப்பிரமணியனுக்கு மேலதிகாரி மட்டும் தெரிந்தார். அவர் தோல்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, அதைப் புரட்டி, பின்பக்கத்தில் மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தார். பழனி போய்விட்டது என்று இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

திரை விழுந்ததும் மேலதிகாரி மேடைக்கு வந்தார். அவர் கண்களில் நீர் வழிந்தது.

"இருபது வருஷ சர்வீஸ்ல இப்படிச் சிரிச்சதில்லை. வெளியில போய்க் கேளுங்க, குஞ்சு குளுவானெல்லாம் நூறு சென்டிமீட்டர்னு சொல்லிக்கிட்டுத் திரியுது. புதுமடத்துல இருந்து தொண்டி வரைக்கும் நாற்பத்திரண்டு ஊர் குறிச்சிருக்கேன். ஒரு ஊர் விடாம இதைப் போடணும். கவசம் இதே கனம் இருக்கட்டும், குறைச்சிராதீங்க."

"சார், என்னோட மாறுதல்..."

"இப்ப என்ன அவசரம்? பார்க்கலாம்" என்று தோளில் தட்டினார். கை எழும்பித் திரும்பியது. மறுபடி சிரித்துக்கொண்டே தலைமையாசிரியர் கொடுத்த காப்பியைக் குடிக்கப் போனார்.

ராமசுப்பிரமணியன் கவசத்தோடு மேலதிகாரியின் ஜீப்பருகே வந்து நின்றார். நாளுக்கு ஓர் ஊர் என்றால் நாற்பத்திரண்டு நாள். பிரசவத்துக்கு இன்னும் அறுபது நாள் இருக்கிறது. அதிகாரியின் மனமும் குளிர்ந்துவிட்டது. அன்று பட்ட அடியெல்லாம் அவருக்கு இனித்தது.

"நான் எழுதின நாடகந்தாம்பா" என்றார் ஜீப் டிரைவர் கபீரிடம். "அய்யா அங்கனயே தாளை எடுத்து ஊர்ப் பேரெல்லாம் எழுதிட்டாங்க, பார்த்தியா?"

கபீர் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினான்.

"அந்தத் தாளு உங்க பழனி மாறுதல் ஆர்டர் சார், அதைக் குடுத்துட்டுப் போகத்தான் இன்னைக்கு வந்தோம்."