வண்டியை வந்து எடுத்துப்போகச் சொல்லி அண்ணனுக்கு

இடம்: கணபதி,
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய அண்ணாவுக்கு, தங்கை ராசாத்தாள் எழுதிக்கொண்டது. இங்கே ஒரு தோள்பட்டை நீங்கலாக அனைவரும் சுகம். அங்கே அண்ணிக்குச் சர்க்கரை இறங்கி, மண்டியில் பாக்கு விலை ஏறியிருக்கும் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் மூட்டை இறக்குகிறவர்களோடு பேசப் போய்விடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

விஷயம் என்னவென்றால், எங்கள் வீட்டில் நிற்கும் மோட்டார் சைக்கிளை நீங்கள் உடனே வந்து எடுத்துப்போக வேண்டும். மண்டிச் சரக்கு ஏற்றும் குட்டியானை வண்டியைக் கொண்டுவாருங்கள். நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லி இதில் ஏறினவர் யாரும் சொன்ன இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை.

வண்டி நம் மதன்குமாருடையது என்பது உங்களுக்குத் தெரியும். போன ஆவணியில் ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும்போது, "அப்பா, வாரத்துக்கு ஒருக்கா அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி உட்டுருங்க, இல்லீன்னா பேட்டரி போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அப்போது உங்கள் மச்சான் பம்ப் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகியிருந்தது. முப்பத்து நான்கு வருஷம் போர்மேனாக நின்றுகொண்டே இருந்த மனிதர் அந்த ஏழு மாதமும் டிவி முன்னால் உட்கார்ந்தேதான் இருந்தார், டிவியைப் போடக்கூட இல்லை. எழுந்து போய் அந்த வண்டியையாவது ஸ்டார்ட் பண்ணுங்கள் என்று சொன்னவள் நான்தான், அதை மறைக்கவில்லை. முதல் வாரம் நிறுத்தின இடத்திலேயே ஐந்து நிமிஷம் ஓடவிட்டார். இரண்டாவது வாரம் மேலே ஏறி உட்கார்ந்து ஓடவிட்டார். மூன்றாவது வாரம் தெருமுனை வரை போய் வந்தார். நாலாவது வாரம் காலையில் போனவர் மத்தியானம் வந்தார். எங்கே போனீர்கள் என்றால், "முக்குல திருப்பறதுக்கு எடமில்ல அம்மணி, பெரியநாயக்கன்பாளையத்துலதான் எடங் கெடைச்சுது" என்றார்.

அதற்கப்புறம் ஒருநாள் வாசலில் நிறுத்தும்போது வண்டி சாய்ந்துவிட்டது. இவர் அடியில் கிடக்கிறார், சத்தமே போடவில்லை. எதிரே லேத் பட்டறை வைத்திருக்கும் ஆசிப் பார்த்துவிட்டு ஓடிவந்து, "ஏனுங்க செங்கோட்டையண்ணா, கூப்பிடக் கூடாதுங்களா?" என்று தூக்கியிருக்கிறான். "கீழ இருந்து பாத்தாத்தான் தம்பி ஆயில் ஒழுகுதான்னு தெரியும்" என்றாராம். பிறகு ஹெல்மெட் வாங்கினார், கடைக்காரன் புதுசு அப்படித்தான் பிடிக்கும் என்று ஒரு அளவு சின்னதைக் கொடுத்துவிட்டான், அதைப் போட்டுக்கொண்டு உங்கள் மகள் லோகப்பிரியாவின் குழந்தை காதுகுத்துக்கு வந்து, வாரும் கழலவில்லை தலையும் கழலவில்லை. குடும்ப போட்டோவில் கடைசியாகக் கருப்பு ஹெல்மெட்டோடு நிற்பது யார் என்று சம்பந்தி வீட்டார் கேட்டார்களாமே, அது இவர்தான். மொய் எழுதினது, மைசூர்பா ரெண்டு வாங்கிக்கொண்டது எல்லாம் அதோடுதான். மைசூர்பாவை வீட்டுக்கு வந்துதான் தின்றார், ஆசிப் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்த பிறகு.

தை மாதத்தில் உங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லி வராமல் போனோமே, அப்போது எனக்குத் தலைவலி என்று அண்ணியிடம் ஒரு பொய் சொன்னேன். நடந்தது இது. துடியலூர் பெட்ரோல் பங்கில் நான் இறங்கினேன். பெட்ரோல் போட்டார்கள். நான் ஏறவில்லை, இவர் போய்விட்டார். காரமடை வரைக்கும் என்னிடம் பேசிக்கொண்டே போயிருக்கிறார். திரும்பி வந்தபோது, "நான் பதில் பேசலீன்னு ஒரு சந்தேகங்கூட வல்லீங்களா?" என்று கேட்டேன். "கோவத்துல இருக்கறயாட்ட இருக்குதுன்னு நெனைச்சுபோட்டேன்" என்றார். கல்யாணமான முப்பத்து மூன்று வருஷத்தில் என்னிடம் அவ்வளவு நேரம் பேசினதே இல்லை, பேசின அன்றைக்கு நான் இல்லை. அப்படி என்னதான் சொன்னீர்கள் என்றேன். ஏறி உட்கார், சொல்கிறேன் என்றார். ஏறினேன். கம்பெனிச் சங்கு ஊதினால் இன்னமும் எழுந்து நின்றுவிடுகிறாராம், நின்ற பிறகு எங்கே போவதென்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்துகொள்வாராம். எட்டு மணிச் சங்கு எனக்கும்தான் கேட்கிறது, நான் அடுப்படியில் இருப்பேன்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரெண்டு பேரும் போய்வந்தோம். நன்றாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். காரமடை தாண்டினால் மலை எதிரே வந்து நிற்கிறது, காற்று சில்லென்று முகத்தில் அடிக்கிறது, மூட்டுவலி ஞாபகமே வருவதில்லை. மேட்டுப்பாளையத்தில் ரெண்டு தோசை தின்றுவிட்டுத் திரும்பிவிடுவோம். உங்கள் வாசலைத் தாண்டித்தான் போவோம். நின்றால் அண்ணி மத்தியானச் சாப்பாடும் போட்டுத்தான் விடுவார் என்பதால் நிற்பதில்லை, தப்பாக நினைக்காதீர்கள்.

போன ஞாயிறு காரமடைக்குப் பக்கத்தில் தோப்புகளுக்கு நடுவே போகிற சின்ன ரோட்டில் போனோம். எதிரே தேங்காய் மட்டை ஏற்றின டிராக்டர் வந்தது. ஓரமாக ஒதுங்கினோம். ஒதுங்கினது போதும் என்று வண்டிக்குத் தெரியவில்லை. வாய்க்காலைத் தாண்டிப் பாக்குத் தோப்புக்குள் போய் மூன்றாவது வரிசை மரத்தில் முட்டிச் சாய்ந்தது. நான் புல்லில் விழுந்தேன், ஒன்றும் ஆகவில்லை. இவர் வாய்க்காலில் கண்ணை மூடிக் கிடந்தார். "ஏனுங்க, ஏனுங்க" என்று கூப்பிடுகிறேன், பேச்சில்லை. அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை எழுதப்போவதில்லை. அப்புறம் கண்ணைத் திறக்காமலே, "மொதல்ல வண்டிய ஆப் பண்ணு அம்மணி" என்றார். தோப்புக்காரர் அழகிரிசாமி நல்ல மனுஷர், தன் காரிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்தார். தோள் எலும்பு முறிவு, ஆறு வாரம் கட்டு.

டாக்டர் திட்டினார். மதன் ஜெர்மனியிலிருந்து வீடியோவில் திட்டினான். நீங்கள், "இந்த வயசுல எளவட்டமுங்களா நீங்க, என்ற தங்கச்சியக் கொல்லப் பாத்தீங்களா" என்று அரைமணி நேரம் திட்டினீர்கள். எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்று கேட்டுக்கொண்டார். உங்கள் திட்டு நியாயம்தான், ஒரு வார்த்தைகூடக் குறை சொல்வதற்கில்லை. அதனால்தான் கேட்கிறேன், வண்டியைக் கொண்டுபோய் மண்டியில் மூட்டைகளுக்குப் பின்னால் போட்டு அடைத்துவிடுங்கள். அது வாசலில் நிற்கிறவரைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணிக்கு என் வணக்கம். பேத்திக்கு என் முத்தம். ஆண்டவன் உங்கள் எல்லோரையும் நான்கு சக்கரத்திலேயே வைத்துக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
ராசாத்தாள்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இவரிடம் படிக்கக் கொடுத்தேன். ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு முழுக்கப் படித்தார். ரெண்டு இடத்தில் ஒற்று விட்டிருந்ததைத் திருத்தினார். "எல்லாஞ் சரியாத்தான் எழுதியிருக்கறே. ஓட்டுனது ஆருன்னு எழுதலை. அது கெடக்குது உடு" என்றார். விட எனக்கு மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டினது நான். ஓட்டிப் பழக எல்.எல்.ஆர். வாங்கி மூன்று மாதம் ஆகிறது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் பிரேக்கைப் பிடி என்றார், நான் ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டேன். ஆஸ்பத்திரியில் யார் ஓட்டியது என்று கேட்டதும், நான் வாயைத் திறப்பதற்குள் "நான்தானுங்க" என்று சொல்லிவிட்டார். நீங்கள் திட்டின அரைமணி நேரமும் என்னுடையது, எனக்காக அவர் வாங்கிக்கொண்டார். மிச்சம் இருந்தால் எனக்குப் போன் போடுங்கள். குட்டியானை வேண்டாம். ஆசிப் ஹேண்டில்பாரை நிமிர்த்திக் கொடுத்துவிட்டான். திங்கட்கிழமை கட்டைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஆட்டோ சொல்லட்டுமா என்று கேட்டேன். "ஆட்டோக்காரனெல்லாங் கண்ணுமண்ணு தெரியாம ஓட்டுவான் அம்மணி, நான் உன்ற பின்னாலயே வாரேன்" என்றார்.