டீச்சருக்கு நாலு மாசமாம்!

தமிழில் எழுவாயையும் செயப்படுபொருளையும் விழுங்கிவிட்டு வெறும் வினையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நாளையே ஓட்டிவிடலாம். 'வந்துட்டான்', 'போயிடுச்சு', 'எடுத்துட்டாங்க' என்றால் போதும், மீதியைக் கேட்கிறவர் நிரப்பிக்கொள்வார். இந்தச் சலுகையை ரொம்ப நம்பாதீர்கள். பிள்ளைகளுக்கு வருஷக்கணக்காக இலக்கணம் சொல்லிக்கொடுக்கிற நான் நம்பினேன். அதனால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் மொத்தமும் என்னைக் கொலைகாரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை நான். கணவர் அதே தோட்டத்து ஆபீசில் எழுத்தர். கம்ப்யூட்டர் வந்து, ஆப் வந்து, எல்லாம் வந்த பிறகும் ஜனங்களுக்கு அவர் 'கிராணி'தான். கணக்கில் புலி. பெண்களிடம் பேசச் சொன்னால் மட்டும் தரையைப் பார்ப்பார். (என்னையும் கல்யாணத்துக்கு முன் முழுசாகப் பார்த்தாரா என்பது இன்றுவரை சந்தேகம்தான்.)

அப்போது எனக்கு நாற்பத்து நாலு வயது. சில மாதங்களாகத் தூரமானால் ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. வகுப்பில் நாற்காலியைவிட்டு எழவே பயம். மலைக்குளிரில் எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருக்க, எனக்கு மட்டும் தலை சுற்றி வியர்க்கும். தானா ராத்தாவில் ஒரு டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, "கர்ப்பப்பையில கட்டி மாதிரி தெரியுது. ஈப்போ போய் த்ரீ-டி ஸ்கேன் எடுத்திடுங்க" என்றார்.

கட்டி என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்குப் பெரியம்மா ஞாபகம் வந்துவிட்டது. அவர் யாரிடமும் சொல்லாமல் மறைத்து மறைத்து, கடைசியில் சொன்னபோது ஒன்றும் செய்யமுடியாமல் போனது. அதிலிருந்து நான் கற்ற பாடம் என்ன தெரியுமா? நானும் யாரிடமும் சொல்லவில்லை. பதினேழு வயது மகள் யாழினியிடம்கூட, "மீட்டிங்" என்று பொய் சொல்லிவிட்டுத்தான் அந்தச் சனிக்கிழமை கிளம்பினோம்.

ஈப்போ கிளினிக் தாதி போனில் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "முதல்ல வயித்து மேல வெச்சுப் பாப்போம். தண்ணி நிறைய குடிச்சிட்டு, ஒண்ணுக்குப் போகாம வாங்க." எப்போது குடிக்கவேண்டும் என்று கேட்டிருக்கலாம். டீச்சருக்குத் தெரியாததா? வீட்டிலேயே ஒரு பெரிய போத்தலைக் காலி செய்துவிட்டுக் காரில் ஏறினேன்.

எங்கள் மலைப்பாதையில் வளைவுகளுக்குப் பஞ்சமே கிடையாது. ஸ்ட்ராபெரி பார்க்க வந்த கூட்டத்தால் ஜாம் வேறு. கோலா தெர்லா வந்தபோது முன்னால் கோபிஸ் (முட்டைக்கோஸ்தான்) ஏற்றிய லோரி ஒன்று, நடைப்பயணம் போவதுபோல ஊர்ந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் நான் முருகனைக் கூப்பிட்டேன்.

"அந்தப் பெட்ரோல் ஸ்டேஷன்ல நிறுத்துங்க."

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா. அப்புறம் ஸ்கேன் சரியா வரலைன்னா இன்னொரு தடவை வரணும்லா."

"இன்னொரு வளைவு வந்தா ஸ்கேனே தேவையில்ல. காரைத்தான் கழுவணும்."

கிளினிக்கை அடைந்தபோது நான் நடக்கவில்லை, மிதந்தேன். உடனே கூப்பிட்டார்கள். வயிற்றின் மேல் கருவியை வைத்து ஒரு நிமிஷம் பார்த்த டாக்டர், "சரி, இப்ப தண்டாஸ் போயிட்டு வாங்க. த்ரீ-டி உள்வழியா பாக்கணும். அதுக்கு மூத்திரப்பை காலியா இருக்கணும்" என்றார். வீட்டிலிருந்து சுமந்து வந்ததெல்லாம் அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானா!

நான் உள்ளே இருந்தபோது வெளியே நடந்ததைப் பிறகு விசாரணையில்தான் தெரிந்துகொண்டேன். காத்திருக்கும் கூடத்தில் என் கணவர் தனியாக உட்கார்ந்திருக்க, எதிரே வந்தவர் கமலாக்கா. எங்கள் தோட்டத்துக்காரர், எங்கள் வீட்டுக்குக் கீழே லயன் வீட்டு வரிசையில் இருப்பவர். கர்ப்பிணி மருமகளைப் பிள்ளை ஸ்கேனுக்குக் கூட்டிவந்திருக்கிறார். கையில் பேரப்பிள்ளையின் த்ரீ-டி படம்.

"கிராணி, பாருங்க! மூக்கு அப்படியே எங்க வீட்டு மூக்கு!" என்று காட்டியவர், "ஆமா, நீங்க எங்க இங்க?" என்றார்.

"டீச்சருக்கு ஸ்கேன்."

"அட! நல்ல விஷயம்தானே?"

"நல்லபடியா முடியணும்னுதான் சாமிய வேண்டிக்கிட்டிருக்கேன்."

"எத்தனை மாசம்?"

எவ்வளவு நாளாகத் தொந்தரவு என்று கேட்பதாக என் கணவர் எடுத்துக்கொண்டார். "ஒரு நாலு மாசமா இருக்கும்க்கா. புள்ளைக்குக்கூடச் சொல்லல. நீங்களும் வெளிய சொல்லாதீங்க."

பாவம், ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

உள்ளே டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். தேன் நிறத்தில், தலைகீழாக வைத்த முக்கோணம் போல ஒன்று தெரிந்தது. அதுதான் என் கர்ப்பப்பையின் உட்புறமாம். அதன் ஒரு பக்கத்தில் எலுமிச்சங்காய் அளவுக்கு உருண்டையாக ஒன்று உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது.

"சாதா ஸ்கேன்ல கட்டி இருக்குன்னு தெரிஞ்சிச்சு. அது எந்தப் பக்கம், உள்ளுக்கு எவ்வளவு வந்திருக்குன்னு இதுலதான் தெளிவா தெரியுது" என்று படத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். "ரத்தம் போறதுக்கு இதான் காரணம். பாத்தா ஃபைப்ராய்டு, சாதாரணக் கட்டி மாதிரிதான் இருக்கு. வயித்தைக் கீறாமலே எடுத்திடலாம். எடுத்ததும் லேபுக்கு அனுப்பி உறுதி பண்ணிப்போம். பயப்படாதீங்க."

நான் அழுதேன். மூன்று வாரம் அடக்கிவைத்த அழுகை. வெளியே வந்து சொன்னதும் என் கணவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில் கமலாக்காவைப் பார்த்ததைச் சொல்ல மறந்துபோனார். ஈப்போவில் நிதானமாக வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டோம். அதற்குள் கமலாக்கா மலை ஏறிவிட்டார்.

தோட்டத்து கேட்டில் காவலாளி என் கணவருக்கு சல்யூட் அடித்தார். "வாழ்த்துகள்லா கிராணி! கெட்டிக்காரர்தான் நீங்க!"

"எல்லாம் கடவுள் செயல்" என்றார் இவர்.

வீட்டு வாசலில் நாலைந்து பெண்கள் நின்றார்கள். ஒருவர் கையில் மாங்காய், ஒருவர் கையில் எலுமிச்சை ஊறுகாய். கமலாக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. கட்டி பயப்படும்படி இல்லை என்பது எப்படியோ தெரிந்து, சந்தோஷப்பட வந்திருக்கிறார்கள்! (மாங்காய் எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. அன்புக்குக் காரணம் கேட்கக்கூடாது என்று விட்டுவிட்டேன்.)

"டாக்டர் என்ன சொன்னாங்க டீச்சர்?"

"ஒண்ணும் பயமில்லக்கா. அடுத்த மாசமே எடுத்துடலாம்னு சொல்லிட்டாங்க."

மாங்காய் நீட்டிய கை சட்டென்று கீழே இறங்கியது.

"எடுத்துடறதா?"

"ஆமா. சின்னதா இருக்கப்பவே எடுத்தாத்தான் நல்லது. வளர விட்டா தொந்தரவு. இந்த வயசுல இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று சிரித்தேன்.

ஒருவர் நெஞ்சில் கை வைத்தார்.

"கிராணி, நீங்களுமா இதுக்குச் சம்மதிச்சீங்க?"

"நான்தான்க்கா சீக்கிரம் எடுத்துடுன்னு சொன்னேன்" என்றார் என் கணவர் பெருமையாக.

மாங்காய் வந்த வழியே திரும்பிப்போனது. ஊறுகாயும் போனது. கமலாக்கா மட்டும் நின்று, "படிச்சவங்க. உங்களுக்கு நாங்க என்ன சொல்றது" என்று கண் கலங்கச் சொல்லிவிட்டு நடந்தார்.

"என்னங்க ஆச்சு இவங்களுக்கு?" என்றேன். "வயசாகுதில்ல" என்றார் இவர்.

வீட்டுக்குள் யாழினி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு திறக்கவே இல்லை. "மீட்டிங்னு சொன்னீங்க! எங்கிட்ட பேசாதீங்க!" என்று உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

சற்று நேரத்தில் பின்வாசலைத் தட்டிக்கொண்டு பரிமளா வந்தாள். தோட்டத்து ஆயாக்கொட்டகையில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். முப்பது வயதிருக்கும். ஊரார் பிள்ளைகள் எல்லாம் அவள் இடுப்பில்தான் வளர்ந்தன. அவளுக்கு ஒன்றுகூடத் தங்கவில்லை.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. முந்தானையைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"டீச்சர், நான் கேக்கறது தப்புன்னா மன்னிச்சிடுங்க. எடுக்காதீங்க டீச்சர். உங்களுக்கு வேணாம்னா பெத்து மட்டும் எங்கிட்ட குடுத்துடுங்க. நான் வளத்துக்கறேன். ஒருநாளும் உங்களுக்குத் தொந்தரவா வரமாட்டேன்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. மாங்காய், சல்யூட், சாத்திய கதவு, எல்லாம். அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவள் பிச்சை கேட்பதுபோல இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"பரிமளா, அது புள்ள இல்லம்மா. கட்டி" என்றேன்.

அவள் நம்பவில்லை. தட்டிக்கழிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். பையிலிருந்து டாக்டர் தந்த படத்தை எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"இதுல மூக்கு எது டீச்சர்?"

"மூக்கு இல்லம்மா. கட்டி மட்டும்தான்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, யாழினி கதவோரம் நின்றிருந்தாள். "கட்டியாம்மா? கான்சரா?" என்று கேட்கும்போதே அவள் உதடு கோணியது. இதற்கு அவள் கோபமாக இருந்ததே தேவலை என்று தோன்றியது. அவளையும் இழுத்து அணைத்துக்கொண்டேன். "இல்லடா. அப்படித் தெரியலைன்னு டாக்டர் சொல்லிட்டாங்க." சமையலறைத் தரையில் மூன்று பேரும் அழுதுகொண்டிருக்க, என் கணவர் தேநீர்க் கோப்பையோடு எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விட்டார். அன்று அவர் செய்த ஒரே சரியான காரியம் அது.

பரிமளா தன் கதையைச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் கரு நின்று, இரண்டு மூன்று மாதத்தில் கலைந்துபோகுமாம். ஸ்கேன் பார்த்து, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்பார்களாம். "எல்லாம் நல்லாருந்தா ஏன் டீச்சர் தங்கல?" என்றாள். "எங்கூட ஈப்போ வா. எனக்குப் பாத்த டாக்டரையே கேப்போம்" என்றேன்.

மறுநாள் கமலாக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஒருவரிடம் சொன்னால் போதுமே. மத்தியானத்துக்குள் மாங்காய் திரும்பி வந்தது, மன்னிப்போடு. கூடவே இரண்டு பேர் தனித்தனியாக வந்து, "டீச்சர், எனக்கும் அந்த மாதிரிதான் நிக்காம போவுது" என்று காதோடு சொன்னார்கள். அடுத்த மாதம் என் கட்டியை எடுத்தார்கள். லேபிலிருந்தும் நல்ல பதில் வந்தது.

பரிமளாவின் ஸ்கேன் படத்திலும் அந்த முக்கோணம் இருந்தது. நடுவில் மேலிருந்து கீழே ஒரு தடுப்புச் சுவர். பிறவியிலேயே உள்ளது என்றார் டாக்டர். "சாதா ஸ்கேன்ல இது தப்பிடும். இதை எடுத்துடலாம். ஆனா பிள்ளை கண்டிப்பா தங்கும்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது." பரிமளா அதுவரை கேட்ட எல்லா நல்ல வார்த்தைகளையும்விட இந்த வார்த்தையை நம்பினாள். சுவரை எடுத்தார்கள். பிறகு காத்திருந்தாள். அடுத்து நின்ற கரு கலையவில்லை.

அப்படிப் பிறந்த பையன் இப்போது என் முதலாம் ஆண்டு வகுப்பில் படிக்கிறான். வகுப்பில் வாயே ஓயாது. எங்கள் வீட்டில் என் கணவரை யார் என்ன கேட்டாலும், "அப்பா, நீங்க இருங்க, நான் சொல்றேன்" என்று யாழினி குறுக்கே பாய்கிறாள். கேட்டில் அந்தக் காவலாளி இன்னமும், "கிராணி, சின்னவர் எப்படி?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்.

எல்லாரையும் மிஞ்சியவர் கமலாக்காதான். கோவில் திருவிழாவோ கல்யாணமோ, நாலு பேர் கூடினால் போதும், பரிமளாவின் பையனைப் பிடித்து முன்னால் நிறுத்திவிடுவார்.

"கிராணி வெளிய சொல்லாதீங்கன்னு சொன்னாரு. அன்னைக்கு நான் மட்டும் அந்தப் பேச்சைக் கேட்டிருந்தா, இந்தப் புள்ள பொறந்திருக்குமா? சொல்லுங்க பாப்போம்!"