பெரிய ஹாலில் முன்வரிசை

எத்தனையோ வகை மனிதர்களைப் பார்த்திருப்பீர்கள். பெரிய மருத்துவ மாநாட்டுக்கு முதன்முதலாகக் கிளம்புகிற டாக்டரைப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் உங்களுக்குக் கொடுப்பினை இல்லை, அவ்வளவுதான். இந்த இனத்தை அடையாளம் காண்பது வெகு சுலபம். மாநாடு இன்னும் எங்கேயோ இருக்கும். பெட்டி மட்டும் கூடத்து நடுவில் வாயைப் பிளந்து கிடக்கும். வீட்டில் இருப்பவர்கள் அதைத் தாண்டித் தாண்டியே நடக்கப் பழகியிருப்பார்கள்.

நம்மவர் குழந்தை மருத்துவர். சின்ன ஆஸ்பத்திரி, ஓயாத அழுகைச் சத்தம். அங்கே அவருக்குத் 'திட்டம் டாக்டர்' என்று பெயர். வைத்தது யார் என்று நர்ஸுகளைக் கேட்டால் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அவர் எழுதி அனுப்பிய ஆய்வு ஒன்றை மாநாட்டுக்காரர்கள் ஏற்றுக்கொண்டு, வந்து எட்டு நிமிஷம் பேசுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது கூத்து.

நிகழ்ச்சிகளைப் பார்க்கப் போனில் ஒரு ஆப் கொடுத்திருந்தார்கள். திறந்தவர் மூடவே இல்லை. கட்டாயம் கேட்க வேண்டிய உரைக்குச் சிவப்பு, கேட்டால் நல்லது என்பதற்குப் பச்சை, காலை நீட்டி உட்கார வசதியான ஹாலுக்கு நீலம் என்று வர்ணம் பூசி, ஒரு ஹாலிலிருந்து இன்னொரு ஹாலுக்கு ஓட எவ்வளவு நேரமாகும் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் வேகநடை போட்டுப் பார்த்து, மாநாட்டுக்கென்று வாங்கிய புது ஷூவைப் பழக்கப்படுத்துகிறேன் பேர்வழி என்று அதை மாட்டிக்கொண்டு வார்டைச் சுற்றி, அது போட்ட கிரீச்சில் அரும்பாடுபட்டுத் தூங்கவைத்த குழந்தைகளையெல்லாம் எழுப்பிவிட்டு, நர்ஸுகளின் சாபத்தையும் வாங்கிக்கொண்டார். ஷூ மட்டும் பழகவில்லை.

போய் வந்தவர்களின் உபதேசம் வேறு. "முதல் நாள் காலையிலேயே போய், மாநாட்டுல சும்மா தர்ற பையை வாங்கிடுப்பா" என்றார் சீனியர் டாக்டர், பெரிய ரகசியத்தை அவிழ்க்கிற குரலில். "லேட்டாப் போனா ஜிப் போன பைதான் மிஞ்சும்."

"உரையெல்லாம் எப்படி சார் இருக்கும்?"

"உரையா?" சீனியர் கொஞ்சம் யோசித்தார். "காபி நல்லா இருக்கும்."

இதற்கெல்லாம் சிகரம் ஒன்று உண்டு: கேள்வி. இரண்டாம் நாள் மத்தியானம், பெரிய ஹாலில் ஒரு பேராசிரியர் பேசுகிறார். கல்லூரியில் நம்மவர் நெஞ்சின் மேல் கவிழ்த்துக்கொண்டு தூங்கிய தடிப் புத்தகம் அவர் எழுதியதுதான். அவரை ஒரு கேள்வி கேட்காமல் திரும்பினால் இந்த ஜென்மம் எதற்கு? குளியலறையில் ஒத்திகை முடித்துக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மனைவியின் முன்னால் வந்து நின்றார். மனைவி கணக்கு டீச்சர்.

"மிக அருமையான உரை ஐயா. நன்றி. நான் ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன். எங்கள் அனுபவத்திலும் இதையேதான் பார்க்கிறோம். குறிப்பாக எங்கள் வார்டில்..."

அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. டீச்சர் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தார்.

"எல்லாம் சரிங்க. கேள்வி எங்க இருக்கு இதுல?"

"கடைசியில வரும்."

"வரலையே."

"மாநாட்டுல இப்படித்தாம்மா கேப்பாங்க. உனக்குத் தெரியாது."

கிளம்பும் நாள் நெருங்கியது. அங்கே எந்த நேரத்தில் போன் பண்ணினால் தொந்தரவில்லை என்று பார்க்க, டீச்சர் ஒரு சாயங்காலம் அந்த ஆப்பைத் திறந்தார். நம்மவர் தரையில் உட்கார்ந்து சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ரெண்டாம் நாள் மத்தியானம் பெரிய ஹாலுக்குச் சிவப்பு போட்டிருக்கீங்களே."

"பேராசிரியர்! முன்வரிசை. முன்னாடியே போய் இடம் பிடிக்கணும்."

"அதே நேரத்துல சின்ன ஹால்ல ஒரு டாக்டர் பேசறாருங்க. குழந்தைக்கு ஊசி போடறதைப் பத்தி."

"ஐயோ பாவம். பேராசிரியரை விட்டுட்டு அதைக் கேக்க எவன் போவான்?"

"உங்க பேர் போட்டிருக்குங்க."

நம்மவர் முதலில் சிரித்தார். அப்புறம் எழுந்து வந்து போனைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அடுக்கி வைத்த சட்டைகளின் மேலேயே, பெட்டிக்குள் உட்கார்ந்துவிட்டார்.

"ஸ்லைடாவது போட்டாச்சா?"

"தலைப்பு போட்டிருக்கேன்."

"அப்புறம்?"

"அதுக்குக் கீழ என் பேர்."

டீச்சர் போனை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அதுவே அவரை உடைத்துவிட்டது. "பயமா இருக்கும்மா" என்றார். "அத்தனை பெரிய ஆளுங்க நடுவுல நான் போய் என்னத்தைச் சொல்ல?"

இப்போது புரிகிறதா, சிவப்பும் பச்சையும் கிரீச் ஷூவும் எதற்கென்று? எட்டு நிமிஷத்தை நினைக்காமல் இருக்க மனுஷன் எத்தனை மாசமாகப் பாடுபட்டிருக்கிறார்!

"எழுந்திருங்க" என்றார் டீச்சர், வகுப்பறைக் குரலில். "ஷூவைப் போடுங்க. இங்கேயே பேசுங்க. அப்பா, நீங்களும் கேளுங்க."

அப்பா என்பது நம்மவரின் மாமனார், ரிட்டையரான பஸ் டிரைவர். சோபாவில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அமைப்புக் குழுவினரே..."

"விஷயத்துக்கு வாங்க மாப்ள" என்றார் மாமனார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வந்தார். ஒரு நாள் ஊசிக்கு வந்த குழந்தை, படுக்கையில் கிடத்தியதும் ஆஸ்பத்திரியே இடிந்துவிழுகிற மாதிரி கத்தியது. அதன் அம்மா வாரி எடுத்துக்கொண்டு, தர முடியாது என்று உட்கார்ந்துவிட்டாள். சண்டை போட நேரமில்லாமல் மடியில் வைத்தே ஊசி போட்டார். குழந்தை லேசாகச் சிணுங்கிவிட்டு, அவர் சட்டைப்பை பேனாவைப் பிடுங்கப் பார்த்தது. அன்றிலிருந்து, மடியில் இருக்கிற குழந்தை எவ்வளவு அழுகிறது, படுத்திருக்கிற குழந்தை எவ்வளவு அழுகிறது என்று கவனித்துக்கொண்டே வந்ததுதான் ஆய்வு.

"இத்தனை வருஷமா கையையும் காலையும் அமுக்கிப் பிடிச்சுத்தான் போட்டிருக்கோம். வலியை விட அந்தப் பிடிதான் அதுங்களுக்குப் பயம்னு தெரியாமப் போச்சு" என்றார். டிவியில் சத்தம் இல்லை. மாமனார் எப்போதோ நிறுத்தியிருந்தார்.

முடித்ததும் டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். மாமனார் கையைத் தூக்கினார்.

"ரொம்ப அருமையாப் பேசினீங்க மாப்ள. நன்றி. நானும் காலம் பூரா பஸ் ஓட்டினவன். எங்க அனுபவத்துலயும் இதேதான். குறிப்பா ஒரு தடவை மேட்டுல ஏறும்போது..."

"அப்பா, கேள்வி எங்க இருக்கு இதுல?"

"கடைசியில வரும், இரும்மா" என்றார் நம்மவர். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்று ராத்திரியே பெரிய ஹாலின் சிவப்பை அழித்துச் சின்ன ஹாலுக்குப் பூசினார்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? நான் டாக்டரும் இல்லை, எந்த மாநாட்டுக்கும் போகப்போவதில்லை என்கிறீர்களா? நல்லது. வேலை கேட்கப் போன அன்று சட்டைக்கு மறுபடி மறுபடி இஸ்திரி போட்டுவிட்டு, கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு தரமும் யோசிக்காமல் போனது யார்? கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்திய தம்பியைப் பார்த்துச் சமாதானம் பேசக் கிளம்பி, ரயிலில் ஜன்னல் சீட் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருப்பது யார்? பெட்டியை அப்புறம் கட்டிக்கொள்ளலாம். உங்கள் பெயர் போட்டிருக்கிற நேரத்தில் நீங்கள் எந்த ஹாலில் முன்வரிசைக்கு ஓடுவதாகத் திட்டம் என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.