முருகனுக்கு நான் கட்டிய பொட்டலங்கள்

பதினைந்து வயதில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்திருந்தது. காரணம், எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவர்கள். அக்கா சரசு ஐந்தோடு நின்றவள். நான் என்ன உளறினாலும் அது தப்பு என்று சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முருகப்பெருமானையே ஏமாற்றத் துணிந்தேன்.

அருள்புரத்தில் லைன் வீடு எங்களுடையது. எட்டு வீட்டுக்கு ஒரே குழாய். அப்பா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அக்கா அங்கேயே பேக்கிங். அம்மா செக்கிங். அதாவது, தைத்து வருகிற பனியனை உள்ளும் புறமும் புரட்டி, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் என்று எல்லாவற்றையும் கண்டுபிடித்து ஒதுக்குகிற வேலை. அந்த வேலை கம்பெனி கேட்டோடு நிற்காது. அம்மா இட்லியைத் திருப்பிப் பார்ப்பாள். கல்யாணப் பத்திரிகையைத் திருப்பிப் பார்ப்பாள். என் பத்தாம் வகுப்பு மார்க் தாள் வந்த அன்று, முன்பக்கம் ஒரு பார்வை பின்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பின்னாடி ஒண்ணுமே இல்லையே கண்ணு?" என்று கவலைப்பட்டாள்.

பத்தாவது பாஸ் ஆனவனிடம் ஊர் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "என்ன குரூப் எடுக்கப் போறே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எதிர் வீட்டு செல்வின் அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அயர்னிங் வேலை பார்த்தவர். "ஏலே, பர்ஸ்ட் குரூப்ப எடுலே. அதுக்குப் பேரே பர்ஸ்ட்டுல்லா?" என்றார். இந்த வாதத்தை மறுக்க என்னால் முடியவில்லை. கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல். அதில் எதையாவது நான் விரும்பினேனா என்று கேட்காதீர்கள். பர்ஸ்ட் என்றால் பர்ஸ்ட், அவ்வளவுதான்.

அந்த ஒரு மாதம் நான் உட்காரவே இல்லை. லைன் வீட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். யாரிடமோ கெஞ்சி வாங்கிய பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பத்துத் தடவை படித்தேன். (இரண்டாம் பக்கம் வேறு மாதிரி இருந்தது, திருப்பவில்லை.) நடு வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டே, வருங்காலத்தில் நோயாளிகளிடம் எப்படிப் பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். நுரையோடு ஒருமுறை சத்தமாகவே "பயப்படாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். குழாயடியில் நின்ற அம்மாக்கள் அதற்குப் பிறகுதான் பயந்தார்கள்.

அப்பாவின் கட்சி வேறு. "அக்கவுண்ட்ஸ் குரூப்பு எடு சாமி" என்பார். ஏன் என்று கேட்டால், "அதுதான் நல்லதுங்கறேன்" என்பார். எதற்கு நல்லது என்று கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார்.

இதற்கிடையில் கம்பெனியின் கான்ட்ராக்டர் இரண்டு தடவை வீட்டுக்கே வந்துவிட்டார். "பையன் சும்மாதானுங்க சுத்தறான், கைமடிக்கு அனுப்பி வெய்யுங்க" என்றார். கைமடி என்றால் டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி அடுக்குகிற ஆள். கைமடியாகப் போன எந்தப் பையனும் மறுபடி பள்ளிக்கூடத்துப் படியேறியதாக எங்கள் லைன் வீட்டுச் சரித்திரத்தில் இல்லை. திங்கட்கிழமை விண்ணப்பப் பாரம் கொடுக்கக் கடைசி நாள். பாரத்தில் என் பெயர், அப்பா பெயர், விலாசம் எல்லாம் முத்து முத்தாக எழுதியிருந்தேன். 'விரும்பும் பாடப்பிரிவு' என்ற இடம் மட்டும் காலியாக என்னை முறைத்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா தீர்ப்புச் சொன்னார். "நீயும் இறங்கி வர மாட்டே, நானும் மாட்டேன். நாளைக்குப் போய் முருகங்கிட்டப் பூக் கேட்டுப்போடலாம். வெள்ளை வந்தா நீ சொல்றது, செகப்பு வந்தா நான் சொல்றது. அதுக்கு மேல ஒரு பேச்சுக் கூடாது."

எங்கள் பக்கம் பெண் எடுப்பதிலிருந்து போர்வெல் போடுவது வரைக்கும் பூக் கேட்டுத்தான் நடக்கும். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ. சாமி காலடியில் வைத்துப் பூசாரி ஒன்றை எடுப்பார். எது வருகிறதோ அது சாமியின் வாக்கு.

"படிச்சவன் நீயே கட்டு கண்ணு" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று என இரண்டு அரளிப் பூக்களை என் கையில் கொடுத்தாள். (எங்கள் வீட்டில் பொட்டலம் கட்டக்கூடப் பத்தாம் வகுப்பு தேவைப்பட்டது.) பழைய அறிவியல் நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்துக்கொண்டு கொல்லைப்புறம் போனேன். முருகனுக்கும் பர்ஸ்ட் குரூப்தான் இஷ்டம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூட்டத்தில், அவசரத்தில், கை மாறிப் போய்விடக் கூடாதே என்பதுதான் கவலை. சிவப்பு அரளியைச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டு, பக்கத்து வீட்டுச் செடியிலிருந்து இன்னொரு வெள்ளையைப் பறித்து, இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையே வைத்துக் கட்டினேன். ஏமாற்று என்று சொல்லாதீர்கள். சாமிக்கு ஒரு சின்ன ஒத்தாசை.

ஊருக்கு வெளியே ஒரு கரட்டுக் குன்றின் மேல் அந்த முருகன் கோயில். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் பாதிப் படி ஏறி, அப்பா வரவில்லை என்று இறங்கி, மறுபடி ஏறி, மற்ற மூவரும் ஒரு தடவை ஏறிய மலையை இரண்டு தடவை ஏறினேன். "இவனுக்குக் காலுல சக்கரம் கட்டி உட்டிருக்குது" என்றாள் சரசு. மேலே போனதும் குழாயில் கால் கழுவ ஓடினேன். பை அப்பாவிடம் இருந்தது. தேங்காய், பழம், சாமி காலில் வைத்து எடுக்க என் மார்க் தாள், அப்புறம் அந்த இரண்டு பொட்டலங்கள்.

உள்ளே நல்ல கூட்டம். எங்களுக்குப் பின்னால் மகள் கல்யாணத்துக்குப் பூக் கேட்க வந்த ஒரு தம்பதி. பூசாரி பொட்டலங்களை வாங்கி வைத்து, சூடம் காட்டி, கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். நானும் கண்ணை மூடிக்கொண்டேன். தெய்வ உத்தரவை அடக்கத்தோடு ஏற்றுக்கொள்கிற முகம் ஒன்றை முதல் நாளே கண்ணாடியில் பழகி வைத்திருந்தேன். அதைப் போட்டுக்கொண்டேன்.

"செகப்புங்க" என்றார் பூசாரி.

என் உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. இரண்டு வெள்ளையில் ஒரு சிவப்பு! என் கள்ளத்தனத்தைப் பார்த்துவிட்டு முருகன் நேரில் இறங்கி நிறத்தை மாற்றிவிட்டார். அப்படியே சாஷ்டாங்கமாக விழுந்திருந்தால் இந்தக் கதை அங்கேயே பக்திக் கதையாக முடிந்திருக்கும். விழத்தான் குனிந்தேன். அதற்குள் அம்மாவின் கை நீண்டது.

"அந்த இன்னொண்ணையும் குடுங்க சாமி."

"எதுக்குங்க? அதான் வாக்கு வந்திருச்சே?"

"ஒரு பீஸைப் பாத்துப்போட்டு மொத்த லாட்டையும் பாஸ் பண்ணி உட்ர முடியுங்களா?" என்று சொல்லிக்கொண்டே அம்மா இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளேயும் சிவப்பு.

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி வாயை மூடிக்கொண்டிருப்பான். நான் பத்தாம் வகுப்புப் படித்தவன் ஆயிற்றே. கோயிலே அதிரும்படி கத்தினேன்: "அதெப்படி? நான் ரெண்டுலயும் வெள்ளைதானே வெச்சேன்!"

மணி அடித்துக்கொண்டிருந்தவர் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பா முருகனைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் காப்பாற்றுவார் என்கிற மாதிரி.

"ஏனுங்க..." என்றாள் அம்மா.

"இல்ல புள்ள, அவன் கால் கழுவப் போனப்ப ஒரு பேச்சுக்குப் பிரிச்சுப் பாத்தேன்" என்றார் அப்பா. "ரெண்டும் வெள்ளையா இருந்துச்சு. சாமிகிட்டப் போயி இப்பிடிப் பொய்யி பண்ணியிருக்கானேன்னு எனக்கு மனசே கேக்குல. அதான் குழாய்க்குப் பக்கத்துச் செடியில ரெண்டு செகப்பைப் பறிச்சு..."

பூசாரி நிதானமாகக் கேட்டார். "ரெண்டும் வெள்ளைன்னா ஒண்ணை மட்டும் மாத்தியிருக்கலாமில்லீங்க? சரியாப் போயிருக்குமே?"

அப்பா வெகுநேரம் யோசித்தார். அந்த வழி உண்மையிலேயே அவருக்குத் தோன்றவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"அப்பனும் மகனுமாச் சேந்து சாமிக்கு ஒரு வேலையும் இல்லாமப் பண்ணிப்போட்டீங்க" என்று பூசாரி தட்டை எடுத்துக்கொண்டார். "இன்னைக்கு உங்களுக்கு வாக்குக் கிடையாதுங்க. போய்ட்டு வாங்க." பின்னால் நின்ற தம்பதியில் அந்தக் கணவர் தன் மனைவியைச் சந்தேகமாகப் பார்த்து, "நம்ம பொட்டலத்தையும் ஒருக்காப் பிரிச்சுப் பாத்துக்கலாமா?" என்று கேட்டது காதில் விழுந்தது. "ஏன், என்னை நம்பலியா?" என்று அந்த அம்மா ஆரம்பித்தார். ஒரு கல்யாணத்துக்கு நாங்கள் செய்த உபகாரம் அவ்வளவு.

பாதிப் படி இறங்கினோம். அப்புறம் அப்பா ஒரு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"உனக்கு எதுக்குடா அந்தப் பர்ஸ்ட் குரூப்பு?" என்றாள் சரசு.

பேரே பர்ஸ்ட் என்பதைத் தவிர என்னிடம் காரணம் இல்லை. அதை வெளிச்சத்தில் சொல்லிப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது.

"உங்களுக்கு எதுக்குங்கப்பா அக்கவுண்ட்ஸு?" என்று சரசு அப்பா பக்கம் திரும்பினாள்.

அப்பா செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்க கம்பெனியில அக்கவுண்ட்ஸ்காரரு ஒருத்தர்தான் மத்தியானச் சோத்தை உக்காந்து திங்கறாரு. நாங்கெல்லாம் மெசினு பக்கத்துல நின்னுக்கிட்டு முழுங்கறோம். இவனாவது உக்காந்து தின்னட்டுமேன்னு நெனச்சேன். வேற ஒண்ணும் இல்ல."

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சரசு உட்காரவில்லை. "நல்ல ஆளுங்க ரெண்டு பேரும்" என்றாள். "இவனுக்காவது பூக் கேட்டீங்க. நான் அஞ்சாவது முடிச்சப்ப யாரு கேட்டீங்க? எனக்கு ரெண்டு பொட்டலத்துலயும் கம்பெனிதான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் யாரும் கூடச் சேர்ந்து சிரிக்கவில்லை. அம்மா அவள் தலையில் கை வைத்தாள். அவள் தலையை ஆட்டிக் கையைத் தட்டிவிட்டாள். பிறகு அந்தக் கையையே பிடித்துக்கொண்டாள்.

"அந்த மார்க்குத் தாளை எடு" என்றாள் அம்மா.

எடுத்துக் கொடுத்தேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் எண் தெரியும். பனியனில் சைஸ் போட்டிருக்கிற எண்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியது. தாளை வெயிலுக்கு நேராகப் பிடித்து விரலை வைத்தாள்.

"இது என்ன?"

"தமிழுங்கம்மா."

"தொண்ணூறு. பெரியாளு சைஸு. இது?"

"சமூக அறிவியல்."

"தொண்ணூத்தஞ்சு. உங்கப்பனுக்கே தொளதொளன்னு இருக்கும். இது?"

"அறிவியலுங்க..."

"அறுவது. சரி. இது?"

நான் கொஞ்சம் இருமினேன். "கணக்கு."

அம்மா அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தாள். கம்பெனியில் ஓட்டை விழுந்த பீஸைப் பார்க்கிற அதே பார்வை. "அம்பத்தஞ்சு. கண்ணு, இது ஒண்ணாப்புப் படிக்கிற புள்ளைக்குத்தான் பத்தும். இதைப் போட்டுக்கிட்டுப் பர்ஸ்ட் குரூப்புக்குப் போனீன்னா கையைத் தூக்க முடியாது, அக்குள்ல கிழிஞ்சு போயிரும்."

ஒரு மாதமாக ஆசிரியர்களும் அக்கம்பக்கத்தாரும் சொல்லாத விஷயத்தை அம்மா ஒரு செக்கிங்கில் சொல்லிவிட்டாள். அப்பாவின் மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "நீங்க சிரிக்க வேண்டாமுங்க" என்றாள் அம்மா. அது உடனே உள்ளே போய்விட்டது.

திங்கட்கிழமை காலை பாரத்தைக் கொடுத்தேன். காலியாக இருந்த இடத்தில் மூன்றாம் குரூப் என்று நானே எழுதியிருந்தேன். வணிகவியல், கணக்குப் பதிவியல், பொருளியல், வரலாறு. "ஏம்ப்பா, பர்ஸ்ட் குரூப் வேணும்னு சொல்லிட்டிருந்தியே?" என்றார் ஆசிரியர். பதற்றத்தில், "சைஸு பத்தலீங்க சார்" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை மேலிருந்து கீழே வரை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். (கணக்குப் பதிவியலிலும் கணக்கு இருக்கிறது என்பது பள்ளிக்கூடம் திறந்து மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அது வேறு மாதிரிக் கணக்கு என்று அழுதுகொண்டே கற்றுக்கொண்டேன்.)

கான்ட்ராக்டர் அதற்கப்புறம் வரவில்லை. நான் படித்து முடித்து, இன்று ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸில்தான் இருக்கிறேன். சுற்றுகிற நாற்காலி உண்டு. எனக்குப் பெண் பார்த்தபோது பெண் வீட்டார் பூக் கேட்க வேண்டும் என்றார்கள். அம்மா பொட்டலத்தைத் தானே கட்டி, சூடம் காட்டுகிற வரைக்கும் முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். அப்பா யாரும் சொல்லாமலே மலையடிவாரத்தில் நின்றுகொண்டார். வெள்ளை வந்தது. சரசு பூசாரியிடம் இன்னொரு பொட்டலத்தையும் பிரிக்கச் சொல்லி, சிவப்பைப் பார்த்த பிறகுதான் "சரி, பொண்ணு நம்முளுது" என்றாள். பெண் வீட்டாருக்கு ஏன் என்று விளக்க அவளுக்கு அரை மணி நேரம் ஆனது. என் மானம் போக அதில் ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது.

இப்போதும் மத்தியானம் ஒன்றரை மணிக்கு அப்பாவிடமிருந்து போன் வரும். கேள்வி ஒன்றுதான்.

"சாமி, உக்காந்து தின்னியா?"

ஷிப்மெண்ட் சமயத்தில் எங்கள் கம்பெனியில் யாரும் உட்கார முடியாது. ஒரு கையில் பில் கட்டு, ஒரு கையில் தயிர்ச் சோறு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். "உக்காந்துதானுங்கப்பா தின்னுட்டிருக்கேன்" என்பேன், நின்றுகொண்டே.

அந்தப் பக்கம் அம்மாவின் குரல் கேட்கும். "அவன் சொல்றதை நம்பாதீங்க. அந்த இன்னொரு பொட்டலத்தையும் பிரிச்சுப் பாருங்க."