பெட்ரோல் மூடியில் நான் அடைத்த ஓட்டை

ஒனேரோவா,
மங்காயா தீவு.

ஆக்லாந்தில் வாழும் மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா தெரெமோவானா அவர்களுக்கு நூரோவா எழுதிக்கொள்வது. கியா ஒரானா. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் என் மகள் அகாயிதியும் பன்றிகளும் சுகம். தங்கள் மகன் தெரெயும் சுகமே. சேப்பங்கிழங்கைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். தங்களைச் சம்பந்தி என்று கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை தாங்கள் போனில் பேசியதில் பாதிதான் எனக்குப் புரிந்தது. மீதியைத் தெருவில் போனவர்கள் கேட்டுச் சொன்னார்கள். மருமகளை வரவேற்க உறவுக்காரர்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு, கையில் பூமாலையோடு ஆக்லாந்து விமான நிலையத்தில் நின்றிருக்கிறீர்கள். மருமகளும் வரவில்லை, மகனும் வரவில்லை. அந்தக் கோபம் நியாயம்தான். "பொண்ணை அனுப்ப மனசில்லன்னா வாயத் தொறந்து சொல்லணும், அதுக்கு எதுக்கய்யா வண்டியைக் கெடுத்தே?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டீர்கள். எங்கள் சபை டீக்கன் தங்கிமெத்துவாவின் தங்கை உங்கள் ஊரில் இருக்கும்வரை, இங்கே நடப்பது எனக்குத் தெரிவதற்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அவள் சொன்னது தப்பு. நான் வேணும்னு செய்யல. போனில் சொன்னா நடுவில் நீங்க கேள்வி கேப்பீங்க, எனக்கு நாக்கு குழறும், அதனால எழுதறேன்.

மாப்பிள்ளை வந்து இறங்கின அன்னிக்கு என் பழைய சிவப்பு பைக்கை எடுத்துக்கிட்டுத்தான் விமானத் தளத்துக்குப் போனேன். பைக்குக்கு வயசாயிடுச்சு, இல்லேன்னு சொல்லல, ஆனா அது நாள் வரைக்கும் நடுரோட்டுல விட்டதில்ல. போகும்போது ஒழுங்காத்தான் போச்சு. அவரைப் பின்னால உக்கார வெச்சுக்கிட்டுத் திரும்பினா, பவளப்பாறையை வெட்டிப் போட்ட மேடு இருக்கே, அதுல பாதி ஏறினதும் ரெண்டு இருமல் இருமிட்டு நின்னுடுச்சு. பெட்ரோல் டேப்பை ரிசர்வுக்குத் திருப்பினேன், கிக்கரை உதைச்சு உதைச்சுக் கால் வீங்கினதுதான் மிச்சம். பிளக்கைக் கழட்டித் துடைச்சேன். அப்புறம் பெட்ரோல் இருக்கான்னு டேங்க் மூடியைத் திறந்து பாத்தேன், முக்கால் டேங்க் இருந்தது. மூடிட்டு உதைச்சா, ஒரே உதையில கிளம்பிடுச்சு. "பிளக்கு அழுக்கு"ன்னு சொன்னேன். மேட்டுல அவரை நடந்து வரச் சொன்னேன். ஊருக்கு வந்த மாப்பிள்ளையை முதல் நாளே நடக்க விட்டவன் இந்தத் தீவுல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன், மன்னிக்கணும்.

மறுபடி நின்னது சபைக்கு நேர் எதிர்ல. பாட்டுப் பயிற்சி முடிஞ்சு ஊரே வெளிய வர்ற நேரம். டீக்கன் தங்கிமெத்துவா சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு வந்துட்டார். கார்ப்பரேட்டர் அடில இருக்கிற கிண்ணத்தைக் கழட்டி மழைத்தண்ணி இறங்கியிருக்கான்னு பாத்தார், இல்ல. பெட்ரோல் வர்ற ரப்பர் குழாயைப் பிடுங்கி வாய வெச்சு உறிஞ்சி, அரை வாய் முழுங்கி, அதுக்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துல ஏப்பம் விட்டப்ப முன்வரிசை எழுந்து போச்சு, அது தனிக் கதை. குழாயில பெட்ரோல் சொட்டுச் சொட்டாத்தான் வந்தது. குழாய் அடைப்புன்னு கம்பி விட்டுக் குத்தினார். கடைசியில டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பாத்துட்டு மூடினார். உதைச்சா கிளம்பிடுச்சு. தன் கைராசின்னு இன்னிக்கும் சொல்லிக்கிட்டுத் திரியறார்.

சரி, இதுவும் போகட்டும். எங்க வழக்கம் உங்களுக்குத் தெரியும், தாய்மாமன்மார் வாயால சம்மதம் வாங்காம பொண்ணு வெளியூர் போக முடியாது. அகாயிதியோட மாமன்மார் தீவுக்கு அந்தப் பக்கம் ஈவிருவாவுல, பன்றியை அடுப்புக்குழியில வெச்சுட்டுக் காத்துக்கிட்டிருக்காங்க. நானும் மாப்பிள்ளையும் போறோம். வண்டி நிக்குது, கிளம்புது, நிக்குது, கிளம்புது. வெயில் மண்டையைப் பொளக்குது. எனக்கு வாயில சனியன் உக்காந்துட்டான். "நீ வந்து கால் வெச்சதிலிருந்து இந்த வண்டி உருப்படியா ஓடல"ன்னு சொல்லிட்டேன். அம்மா, சொன்ன உடனே நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். உங்க பையன் முகம் சுருங்கிப் போச்சு. டேங்க் மூடியைக் காட்டி மெதுவாத்தான் சொன்னார்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்த அப்புறம்தான் ஓடுது. மூடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கணுமே, அது எங்க?"

இங்கதான் நான் இதுவரைக்கும் எழுதாம மறைச்ச ஒண்ணை எழுதணும். ஓட்டை இருந்தது. நான்தான் அடைச்சேன். மாப்பிள்ளை வர்றதுக்கு முந்தின நாள் மழையில டேங்க்ல தண்ணி இறங்கி வண்டி இருமினப்ப, மூடி மேல அந்த ஓட்டையைப் பாத்தேன். எங்க அப்பா படகு கட்டினவர், நானும் படகுக்காரன். ஓட்டையைக் கண்டா என் கை சும்மா இருக்காது. சீமைப்பலா மரத்தைக் கீறிப் பாலெடுத்து, தேங்காய் நாரோட சேர்த்து, படகுக்கு வைக்கிற மாதிரியே வெச்சு அழுத்தினேன். அப்படி ஒரு வேலை, ஒரு பொட்டுத் தண்ணி இறங்கல. காத்தும் இறங்கலன்னு எனக்கு எப்படித் தெரியும்? காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் வெளிய வருமாம், டேங்கும் மூச்சு விடணுமாம். டேங்க் என்ன எருமையா மூச்சு விடன்னு கேட்டேன். அவர் மூடியைத் திருகினார், புஸ்ஸுன்னு ஒரு சத்தம். தாழம்புதர்ல ஒரு முள்ளை ஒடிச்சு என் பிசின்ல குத்தி ஓட்டை போட்டார். ஈவிருவா வரைக்கும் வண்டி நிக்கவே இல்ல. மாமன்மார் சம்மதமும் குடுத்தாச்சு.

அதோட விட்டிருக்கலாம். சனிக்கிழமை காலையில அகாயிதி பெட்டி கட்டிக்கிட்டிருந்தா. எனக்கு அந்த அறையில நிக்க முடியல. அவ அம்மா போனதுக்கப்புறம் இந்த வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான். வெளிய வந்தேன், மேகம் கறுத்துக் கிடந்தது, கைக்கு ஏதாவது வேலை வேணும்போல இருந்தது. பைக் மூடியில என் பிசின்ல ஓட்டை தெரிஞ்சது. புதுப் பாலெடுத்து மறுபடி அடைச்சுட்டேன். இப்படித்தான் நடந்தது, இதுக்கு மேல எனக்கே விளக்கம் தெரியல. மூட்டையெல்லாம் டீக்கன் வண்டியில முன்னால போச்சு, பிள்ளைங்க ரெண்டு பேரும் பைக்கில கிளம்பினாங்க. வாசல்ல நின்னு அழுதேன். கண்ணைத் துடைக்கிறப்பத்தான் விரல்ல பிசின் ஒட்டியிருக்கிறதைப் பாத்தேன். கத்திக்கிட்டே ரோட்டுல ஓடினேன், இந்த வயசுல எவ்வளவு ஓட முடியும்? விமானம் என் தலைக்கு மேல போச்சு. கொஞ்ச நேரத்துல ரெண்டு பேரும் வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தாங்க. "மேட்டுல நின்னுடுச்சுப்பா"ன்னு அகாயிதி சொன்னா. என்னை நிமிந்து பாக்கல.

ஊரு முழுக்க நான் பொண்ணைப் பிரிய மனசில்லாம வண்டியைக் கெடுத்தேன்னு பேசுது. நீங்களும் அதையே நம்பறீங்க. பிரிய மனசில்லதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்காக அவ வாழ்க்கையைக் கெடுக்கிறவன் இல்ல நான். கோபத்தை என் மேல காட்டுங்க, இந்தச் சம்பந்தத்தை மட்டும் முறிச்சுடாதீங்க. அடுத்த விமானத்துல உங்க பிள்ளையையும் என் பிள்ளையையும் நானே ஏத்தி விடறேன். இது உறுதி.

தங்கள் வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு. ஆண்டவர் தங்கள் முழங்காலையும் மனத்தையும் ஆற்றித் தருவாராக.

இப்படிக்கு,
தலை குனிந்து நிற்கும்
நூரோவா

பி.கு.: உறையில் போடும் முன் அகாயிதி இந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். வண்டி நிக்கவே இல்லையாம். மாப்பிள்ளை வாசலிலேயே மூடியைத் தடவிப் பார்த்து முள்ளால் குத்திவிட்டாராம். பாதி வழியில் அவரே நிறுத்தி, "எனக்குப் போக வேணாம், இங்கயே இருந்துடலாமா?" என்று கேட்டிருக்கிறார். ரெண்டு பேரும் பாறை மேல உக்காந்து விமானம் போறதைப் பார்த்துவிட்டு, ஓடுற வண்டியைச் சும்மா தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். உங்களிடம் சொல்ல அவருக்குப் பயம், அதனால் பழி என் பிசின் மேல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அவர் திரும்பி வரமாட்டாராம் அம்மா. மேலே நான் உறுதி சொன்னதை அடித்துவிடுங்கள். என் பொண்ணை நீங்க கூட்டிக்கிட்டுப் போயிடுவீங்கன்னுதான் இத்தனை நாள் எனக்குத் தூக்கம் இல்ல. இப்ப உங்க பிள்ளை என் வீட்டுல தூங்குது. உங்களுக்கு எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும்.